தேய்ந்துவிடும் என்று வைத்தது

“கம்ப்யூட்டர் முனகுது அம்மா,” என்றார் நல்லபெருமாள்.

“எங்க வலிக்குதாம்?” என்று கேட்டார் சண்பகத்தம்மை.

“சிரிக்காதீங்க. உள்ள டக்கு டக்குனு அடிச்சிக்கிடுது. காலையில பொத்தானை அமுக்கிட்டுப் போயி மாட்டைக் குளிப்பாட்டிட்டு வாரேன். அப்பவும் வட்டம் சுத்திக்கிட்டே கிடக்கு.”

“மாடு குளிச்சுதுல்லா.”



மலையடியில் அது ஒரு சின்ன மடம். அதன் குரு சண்பகத்தம்மைக்கு ஐம்பது வயது இருக்கும். சீடர் நல்லபெருமாள் அவரைவிட மூத்தவர். தபாலாபீஸ் வேலை முடிந்து வந்து சேர்ந்தவர். அதனால் குருவே சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஊர்சனங்கள் வருவார்கள். மனசில் கிடப்பதைக் கேட்பார்கள். அம்மை ஒரு சொல்லில், இரண்டு சொல்லில் பதில் தருவார்.

அதை நல்லபெருமாள் கம்ப்யூட்டரில் பதிந்து வைப்பார்.

கேட்கிறவர் பேச்சைப் பதிய மாட்டார். அம்மை வாய் திறந்ததும் பொத்தானை அமுக்குவார். வாய் மூடியதும் நிறுத்திவிடுவார்.

“அடுத்தவன் அழுகை நமக்கு எதுக்கு? இடத்தை அடைக்கும்,” என்பார்.



டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த திருவேங்கடம் ஒருநாள் வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகடு எடுத்தான். பிஸ்கட் பாக்கெட் அளவுகூட இல்லை.

“இது எஸ்எஸ்டி, அண்ணாச்சி. பதிஞ்சதையெல்லாம் சேத்து வைக்கிறது. உங்க பழைய ஹார்ட் டிஸ்க்குல தட்டு சுத்தும். அதுதான் அந்தச் சத்தம். இதுல சுத்துறதுக்கு ஒண்ணும் கிடையாது.”

“சுத்தாம எப்படி வேலை செய்யும்?”

“அம்மை எங்கயாவது சுத்துதாங்களா?”

கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றினான். உள்ளே தூசி பஞ்சாக அடைந்திருந்தது. ஒரு பல்லி வெளியே வந்து எல்லாரையும் பார்த்துவிட்டுப் போனது. சமையல்கட்டிலிருந்து, மடத்தில் சமைக்கிற பேச்சியம்மாள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

தகட்டை உள்ளே வைத்து ஸ்குரு முடுக்கினான். இரண்டு வயரைச் சொருகினான். கம்ப்யூட்டர் எழுந்திருக்கத் தேவையானதையெல்லாம் புதியதில் ஏற்றினான். பழைய டிஸ்க்கையும் உள்ளேயே விட்டுவைத்தான்.

பொத்தானை அமுக்கினான். நல்லபெருமாள் கும்பிடக் கை சேர்ப்பதற்குள் திரை வந்துவிட்டது.

“யாத்தே,” என்றாள் பேச்சியம்மாள்.

“அம்மை பேச்செல்லாம் இன்னும் பழைய டிஸ்க்குலதான் இருக்கு,” என்றான் திருவேங்கடம். “இன்னைக்கே புதுசுக்கு மாத்திடுங்க. பழசு போடுற சத்தம் நல்ல சத்தம் இல்ல.”

“இது எத்தனை காலத்துக்கு வரும்?”

“எழுத எழுதத் தேயும். ஆனா நீங்க தினமும் எழுதினாலும் தேயுறதுக்கு ரொம்பக் காலம் ஆகும்.”

அவன் சொன்னதில் ஒரு சொல்தான் நல்லபெருமாள் காதில் நின்றது.

தேயும்.



அவர் எதையும் மாற்றவில்லை. புதிய பேச்சையும் பழையதிலேயே பதிந்தார். கம்ப்யூட்டருக்கு மேலே பட்டுத்துண்டு போர்த்தினார்.

“புதுசுல ஏன் வைக்கல?” என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

“நல்ல பொருள். தேய்ஞ்சிரும். முக்கியமானதுக்கு வேணும்.”

“அம்மை பேச்சைவிட முக்கியமா என்ன வரப்போகுது?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“தெரியாதுதான். தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அதை உட்கார வச்சுச் சோறு போடுதீரு. வேலைக்குப் போறது கிழட்டு மாமனார்.”

அம்மை சிரித்தார். சிரிக்கும்போது இருமல் வந்தது.



இருமல் நிற்கவில்லை. டவுன் டாக்டர் தொண்டையில் லைட் அடித்துப் பார்த்தார்.

“சின்னப் புண்ணுதான். கொஞ்சம் குறைச்சுப் பேசுங்க,” என்றார்.

நல்லபெருமாள் மடத்துக்கு வந்ததும் வாசல் கதவைச் சாத்தினார்.

“இனிமே நீங்க பேச வேண்டாம் அம்மா.”

“குறைச்சுன்னுதான சொன்னாரு?”

“பேசப் பேசத் தேயும். உங்க குரலு எங்களுக்கு வேணும்.”

 அம்மை குழந்தை மாதிரி விரலை உதட்டில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் பேசவில்லை. கொல்லைப்பக்கம் உட்கார்ந்து மொச்சை உரித்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். சீடர் சொன்னதைக் குரு கேட்டார்.

வந்தவர்களை நல்லபெருமாள் வாசலிலேயே நிறுத்தினார்.

“அம்மை எல்லாத்துக்கும் பதில் சொல்லியாச்சு. கம்ப்யூட்டர்ல இருக்கு. எதைப் பத்தின்னு சொல்லுங்க, போடுதேன்.”

சிலர் கேட்டுவிட்டுப் போனார்கள். சிலர் கேட்காமலே போனார்கள்.



இசக்கித்தாய் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். ஒரு வயசுப் பையன். அவள் தாலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

“அம்மைகிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“என்கிட்டச் சொல்லு.”

அவள் தரையைப் பார்த்தாள். 

“எங்க வீட்டுக்காரரோட அண்ணனுக்குப் பிள்ளை இல்ல. இவனை அவுகளுக்குக் குடுத்திரணும்னு மாமியார் சொல்லுதாவ. உனக்கென்ன, இன்னொண்ணு பெத்துக்கோன்னு சொல்லுதாவ.”

“உன் வீட்டுக்காரன் என்ன சொல்லுதான்?”

“அவரு அம்மா பேச்சுக்கு எதிர்த்துப் பேச மாட்டாரு.” நழுவிய பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். “குடுக்கவா, வேண்டாமா? அம்மை சொன்னாத் தட்ட மாட்டேன்.”

நல்லபெருமாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ‘கொடுப்பது’ என்று பெயர் போட்டு வைத்ததைத் தேடினார். பழைய டிஸ்க் டக்கு டக்கென்று அடித்துக்கொண்டது. பிறகு அம்மையின் குரல் வந்தது. நோய் வருவதற்கு முன்னால் இருந்த குரல்.

“குடு. ஊறுறது உன்னாலயா?”

அவ்வளவுதான்.

கொல்லையில் அம்மை தன் குரலைக் கேட்டுத் தலை தூக்கினார்.

இசக்கித்தாய் முகம் வெளுத்தது.

“இது எனக்குச் சொன்னதா?”

“அம்மை சொன்னது.”

அவள் பிள்ளையின் வாயிலிருந்து தாலியை எடுத்தாள். முந்தானையால் அவன் எச்சிலைத் துடைத்தாள். படியிறங்கிப் போனாள்.



அடுத்த வாரம் அவள் மறுபடியும் வந்தாள். கண் வீங்கியிருந்தது. பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தாள்.

“சாயந்தரம் வாராவ, அண்ணாச்சி. இவனைக் கூட்டிட்டுப் போக. அதுக்குள்ள அம்மை சொன்னதை இன்னொருக்க போடுங்க.”

“அன்னைக்கே கேட்டியே.”

“கேட்டேன். மனசு நிக்க மாட்டேங்கு. இன்னொருக்க கேட்டாத்தான் கை நீளும்.”

நல்லபெருமாள் பொத்தானை அமுக்கினார். புதிய தகடு முன்போலவே நொடியில் கம்ப்யூட்டரை எழுப்பியது. திரை பளிச்சென்று வந்தது.

பேச்சுகள் இருந்த இடம் மட்டும் இல்லை.

அணைத்துப் போட்டார். உள்ளே ஏதோ ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு சத்தமே இல்லை. இத்தனை வருஷமாக அடித்துக்கொண்டிருந்த டக்கு டக்கும் இல்லை.

திருவேங்கடத்துக்குப் போன் போட்டார். அவன் பைக்கில் வந்தான். மூடியைத் திறந்தான். பழைய டிஸ்க்கைக் கழற்றிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான்.

“உள்ள தட்டு கீறிட்டுது அண்ணாச்சி. முடிஞ்சுது.” ஸ்குருவைக் கையில் உருட்டினான். “பரவாயில்ல. புதுசுக்குத்தான் அன்னைக்கே மாத்திட்டீங்கள்லா?”



திருவேங்கடம் புதிய தகட்டில் என்ன இருக்கிறது என்று திரையில் பார்த்தான்.

“அம்மை பேச்சு ஒண்ணுமே வைக்கலையே. நான் ஏத்திட்டுப் போன மாதிரியே கிடக்கு.”

“தேய்ஞ்சிரும்னு சொன்னியே.”

“தேயும்னு சொன்னேன். தொடாதீங்கன்னா சொன்னேன்?”



நல்லபெருமாள் கொல்லைக்கு ஓடினார். அம்மை முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். அறுபது தாண்டிய மனுஷர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

“எல்லாம் போச்சு அம்மா. உங்க குரலு போச்சு. இத்தனை வருஷத்துப் பேச்சும் போச்சு.”

அம்மை மொச்சை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“வாசல்ல ஒரு பிள்ளைக்காரி நிக்கா. அவளுக்கு என்னத்தைப் போடுவேன்?” என்றார் நல்லபெருமாள்.

அம்மையின் கை நின்றது. வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தார். துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் சொல் வந்தது.

“அவளுக்கு முன்ன என்ன போட்டீரு?”

“‘குடு’ன்னு நீங்க சொன்னது. ‘ஊறுறது உன்னாலயா’ன்னு.”

“அவ என்ன கேட்டா?”

அவர் சொன்னார்.

“அந்தப் பேச்சு யாருக்குச் சொன்னது?”

நல்லபெருமாள் யோசித்தார். கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது.

“கிணத்துக்காரருக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரன் தண்ணி கேக்கான்னு வந்தாருல்லா, அவருக்கு.”

அம்மை முறத்தைக் கீழே வைத்தார். எழுந்து வாசலுக்கு நடந்தார்.

“அம்மா, பேசாதீங்க. தொண்டை தேய்ஞ்சிரும். நான் சொல்லிக்கிடுதேன்.”

அம்மை திரும்பிப் பார்க்கவில்லை.



இசக்கித்தாய் வாசல் நிலையோடு ஒட்டி நின்றாள். அம்மையைப் பார்த்ததும் கும்பிடப் போனாள். பிள்ளை கையில் இருந்ததால் கும்பிட முடியவில்லை.

“அம்மா, சாயந்தரம் வாராவ. நான் இவனைக்...”



அம்மை கிட்டத்தில் வந்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

“குடு,” என்றார்.

இசக்கித்தாய் ஒரு அடி பின்னால் போனாள். இடுப்பில் இருந்த பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்தாள். ஒரு கை அவன் முதுகை வளைத்தது. இன்னொரு கை அவன் தலையை மூடியது. பிள்ளைக்கு வலித்திருக்க வேண்டும். வீல் என்று கத்தினான்.

அவள் விடவில்லை.

அம்மை நீட்டிய கையை மடக்கவில்லை.

“மாட்டேன்,” என்றாள் இசக்கித்தாய்.

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. சுற்றிப் பார்த்தாள். திருவேங்கடம் ஸ்குரு டிரைவரோடு நின்றான். பேச்சியம்மாள் கதவோரம் நின்றாள். இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு வெட்கம் வந்தது. ஆனாலும் இன்னொரு முறை சொன்னாள்.

“மாட்டேன்ம்மா. நீங்க கேட்டாலும் மாட்டேன்.”

அம்மை கையைக் கீழே விட்டார்.

“சாயந்தரம் வாரவங்ககிட்டயும் இப்படியே சொல்லு.”

“மாமியார் வீட்டை விட்டு விரட்டினா?”

“இங்க மொச்சை உரிக்க ஆள் வேணும்,” என்றாள் பேச்சியம்மாள், யாரும் கேட்காமலே.

இசக்கித்தாய் படியிறங்கினாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவள் தோள் மேலாக எல்லாரையும் பார்த்துக்கொண்டே போனான்.



நல்லபெருமாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மா, இப்ப நீங்க சொன்னதைப் பதியாம விட்டுட்டேனே. புதுசு சும்மாதான கிடந்தது. அதுலயாவது வச்சிருக்கலாம்.”

“வச்சிருந்தா என்ன இருக்கும்?”

நல்லபெருமாள் வாயைத் திறந்தார். யோசித்தார்.

“‘குடு’ன்னு இருக்கும்,” என்றார் மெதுவாக.

அம்மை இருமினார். பிறகு வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

“அடுத்து யாரு?”