ஆயிரத்து ஒன்பதாவது இலை

கொள்ளிடக் கரை மடத்தில் ஒரு வழக்கம். குருபூசை அன்று பெரியவர்கள் எல்லோரும் காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் இருப்போம். மத்தியானம் எல்லோரும் ஒரே நேரத்தில் இலை முன்னால் உட்கார வேண்டும். வரிசைக்கு வரிசை ஆள் சமமாக இருக்க வேண்டும், ஒருவர்கூடத் தனியாக மிஞ்சக் கூடாது. பரிமாறுகிறவர்கள் கடைசியில் சாப்பிடுவார்கள், அவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.

அந்த வருஷம் பந்தி பிரிக்கும் பொறுப்பு பொன்னுரங்கம் ஐயாவிடம் போய்ச் சேர்ந்தது. எங்கள் தலையெழுத்து. காலேஜில் கணக்குப் பேராசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். மடத்துத் தலைவி நாச்சியாரம்மாவைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் அவருக்குச் சீடர்.

"பந்தியை நல்லபடியா உட்கார வைங்க, சாயங்காலம் தீட்சை தர்றேன்" என்று அம்மா சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனுஷன் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நாங்கள் நிற்கிறோம். அவர் தரையில் கரித்துண்டால் வகுத்துக்கொண்டிருக்கிறார்.

"ஏழு ஏழா பிரிச்சா ஒருத்தர் மிஞ்சுறார். எட்டு எட்டா, ஒருத்தர். ஒன்பது, பன்னிரண்டு... அட, மறுபடியும் ஒருத்தர்!"

"ஐயா, புள்ளைங்க அழுவுது" என்றாள் ஒரு பெண்.

"பொறும்மா, இன்னும் பதிமூணால வகுக்கல."

என்ன ஜென்மமோ! சோறு மணக்கிறது, எங்களுக்குக் கண்ணைக் கட்டுகிறது, இவருக்குப் பதிமூன்று.

கடைசியில் கரியை வீசிவிட்டுத் துள்ளி எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இதற்குள் சமையல்கட்டிலிருந்து அம்மாவே வந்துவிட்டார்.

"அம்மா, ஆயிரத்து ஒன்பது! பகா எண்! முப்பத்தொண்ணு வரைக்கும் பார்த்தாச்சு, எதுக்கும் மசியல. அதுக்கு மேல பார்க்கவே வேண்டாம். எவனாலயும் இதைச் சமமா பிரிக்க முடியாது!"

"அப்ப இவங்க சாப்பிட வேண்டாமா?"

"ஒரே வரிசையா உட்காரலாம்."

"ஆத்துக்குள்ள போய் உட்காரவா?"

ஐயா எங்கள் பக்கம் திரும்பினார். அப்போதுதான் எங்கள் முகத்தையே பார்த்தார் என்று நினைக்கிறேன். கண் கலங்கிவிட்டது.

"என்னால முடியலம்மா. தீட்சைக்கு எனக்குக் கொடுத்து வைக்கல."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "கடவுளே! தலையை எண்ணினீங்களே, யார்கிட்ட ஆரம்பிச்சீங்க?"

"என்கிட்டதான். நான் ஒண்ணு."

"உங்களை விட்டுட்டு எண்ணுங்க."

"ஆயிரத்தெட்டு..." இப்போது கரி தேவைப்படவில்லை. "ஏழால போகும். எட்டால போகும். ஒன்பது, பன்னிரண்டு, பதினாறு..." விரலை மடக்கிக்கொண்டே வந்தார். "வரிசைக்கு இருபத்தெட்டு பேர், முப்பத்தாறு வரிசை. மிச்சமே இல்ல."

அவர் சொல்லி முடிக்கும்முன் நாங்கள் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டோம். அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப நான்?" என்றார். "சாப்பாட்டைச் சொல்லலம்மா. தீட்சை?"

அம்மா சாத வாளியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

"சூடு ஆறிடப் போகுது. அழுவுற புள்ளைங்ககிட்ட ஆரம்பிங்க."