முள் இறங்கும்வரை

"எத்தனை தடவை பார்த்தாலும் வண்டி நல்லாத்தான் ஓடுதுங்கக்கா. இப்ப நான் என்னன்னு சொல்லட்டும்?" என்றார் மருதாசலம்.

பாவாயி மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த ஒரு லாரியின் டீசல் பம்ப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

சங்ககிரி வட்டாரத்தில் லாரியோ பொக்லைனோ எதற்கு டீசல் பம்ப் மக்கர் செய்தாலும் கடைசியில் அது பாவாயியின் பட்டறைக்குத்தான் வரும். மருதாசலம் அவரைவிட வயதில் மூத்தவர், ஊரறிந்த மெக்கானிக். எங்காவது முட்டிக்கொண்டு நின்றால் இங்கே வந்து அக்கா என்பார். அந்த அம்மாளோ இவரை அண்ணா என்பார். முறை இப்படிக் குழம்பிக் கிடப்பதில் இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை.

"சொல்லுங்கண்ணா."

நல்ல கதையாக இருந்தால் சொல்லலாம்.

கல்குவாரியில் பாறை சரிந்து, கல் உடைக்கும் ஆறுச்சாமி உள்ளே மாட்டிக்கொண்டார். குரல் கேட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் அங்கமுத்து, மருதாசலம் பராமரிக்கிற பொக்லைனைக் கொண்டுபோய் அள்ளத் தொடங்கினான். பாதியில் வண்டி திணறி நின்றது. கொஞ்ச நேரம் விட்டதும் எடுத்தது. மறுபடியும் நின்றது. வேறு வண்டி வந்து சேர்வதற்குள் குரல் நின்றுபோயிற்று.

மேலே கல் உருண்டதைப் பார்த்துப் பயந்துபோய் அங்கமுத்து வண்டியை அணைத்துவிட்டான் என்று ஊர் பேசியது. டீசல் அழுத்தம் விழுந்துவிட்டது என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை.

செத்தவரின் தம்பி கருப்பண்ணன் மட்டும் ஒரு வார்த்தை சொன்னான். மருதாசலம் பார்த்துச் சொல்லட்டும். வண்டி மேல் தப்பென்றால் எங்கள் விதி. ஆள் மேல் தப்பென்றால் அந்த ஆள் உயிரோடு இருக்க மாட்டான்.

கருப்பண்ணன் சொன்னால் செய்கிறவன்.

"ஃபில்டர்?" என்றார் பாவாயி.

"புதுசு போட்டேனுங்க."

"பம்ப்பு?"

"நீங்கதானுங்க மேசையில ஏத்தி ஓட்டிப் பாத்துட்டு நல்லாருக்குன்னீங்க."

"ஹோஸ்ல எங்கயாச்சும் காத்து இழுக்குதா?"

"ஒரு குமிழி இல்லீங்க. நான் ஓட்டினா அழுத்த முள்ளு நின்ன எடத்துலயே நிக்குது."

"அங்கமுத்து ஓட்டினா?"

"அவனை எப்படிங்க ஏத்தறது? தப்புப் பண்ணினவனே அவன்..."

மருதாசலம் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப முடிவு பண்ணியாச்சு," என்றார் பாவாயி.

 மருதாசலத்துக்கு முகம் சுட்டது.

"அவனே ஓட்டட்டும். நீங்க கை வைக்காம உக்காந்திருங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அது லேசில்லீங்கண்ணா."

குவாரிக்குப் போனார்கள். கருப்பண்ணன் மேட்டில் ஒரு வேலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். சாவு நடந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறான். இவர்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

அங்கமுத்துவைக் கூட்டிவந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. யார் அடித்தது என்று யாரும் கேட்கவில்லை.

அவன் ஏறுவதற்குள் மருதாசலம் நேராக டீசல் டேங்கிடம் போய் மூடியில் கை வைத்தார். அது அவருடைய பழக்கம். மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, முகர்ந்து பார்க்காமல் எந்த வண்டியையும் அவர் சோதித்ததில்லை. அவரிடம் தொழில் படித்தவர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

"கை வைக்கக்கூடாதுன்னேன்," என்றார் பாவாயி.

"சும்மா பாக்கறதுதானுங்கக்கா."

"அன்னிக்கு அங்கமுத்து பாத்தானா?"

அங்கமுத்து வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னான்: "உள்ள ஆள் கத்துதுங்க. நான் டேங்கைத் தொறந்து பாத்துட்டா நிப்பேன்?"

மருதாசலம் மூடியைத் திறக்காமலே போய், அழுத்த முள் தெரிகிற இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வண்டி அள்ளியது. ஆறுச்சாமியை மூடிய அதே சரிவைத்தான் அள்ளியது. லாரிக்காக நிற்கவில்லை, பேச்சுக்காக நிற்கவில்லை. அன்று அள்ளியதுபோலவே, ஒரே மூச்சாக.

முள் அசையவில்லை.

வெயில் ஏறியது. மருதாசலத்துக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது. வண்டி நன்றாக இருக்கிறது, தன் பெயர் கெடாது. இந்த நிம்மதிக்கு அங்கமுத்துவின் உயிர்தான் விலை என்பது அப்புறம்தான் உறைத்தது. அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

அப்போது முள் இறங்கத் தொடங்கியது.

முதலில் மெல்ல. பிறகு வேகமாக. இன்ஜின் சத்தம் தாழ்ந்து, திக்கி, இழுத்துப் பார்த்தது. பக்கெட் கல்லுக்குள் குத்தியபடியே நிற்க, வண்டி அணைந்தது.

அங்கமுத்து சாவியைத் தொடவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினான்.

"இப்படித்தானுங்க," என்றான். அழுதான். "இப்படியேதானுங்க."

மருதாசலம் ஓடிப்போய் டேங்க் மூடியைத் திருகினார். மூடி வரவில்லை. பலம்கொண்டு இழுத்ததும் டேங்க் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது.

மூடி அவர் கையில் இருந்தது. அதைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட அவருக்கு இல்லை.

டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசி நுழைகிற அளவில் ஒரு துளை இருக்கும். போகாவிட்டால் டேங்க் டீசலை விடாது, பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் அழுத்தம் ஏறாது. கோடைத் தொடக்கத்தில் கல்தூள் புகுந்து ஃபில்டர் அடைக்கிறது என்று மருதாசலம் அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்திருந்தார். கல்போல இறுகுகிற பசை. என் கை பட்ட வண்டிக்குள் தூசி போகாது என்று டீக்கடையில் பெருமையும் பேசினார்.

நின்று நின்று ஓடும் நாளில் அது தெரியவில்லை. நிற்கும்போது காற்று எப்படியோ கசிந்து உள்ளே போய்விடும். நிற்காமல் ஓட வேண்டிய ஒரு நாள் வந்தது. அதற்குப் பின் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால், சும்மா பார்ப்பதற்காக, இவரே மூடியைத் திறந்து காற்று விட்டுக்கொண்டிருந்தார்.

"எடுப்பா," என்றார். குரல் அவருடையதுபோல இல்லை.

அங்கமுத்து சாவியைத் திருப்பினான். வண்டி எடுத்தது. முள் ஏறி நின்றது.

"என்னுங்க இருந்துச்சு?" என்று மேலேயிருந்து கேட்டான்.

மருதாசலம் மூடியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். பாவாயியின் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, மூடியில அழுக்கு அடைச்சிருச்சுன்னு சொல்லிரலாமுங்களா? வண்டி மேலதான் தப்புன்னு ஆயிரும். அங்கமுத்து பொழச்சுக்குவான். கருப்பண்ணனும் விதின்னு போயிருவான். யாருக்கும் நட்டமில்லீங்களே."

பாவாயி அவருடைய பொத்திய கையைப் பார்த்தார்.

"அழுக்கா?"

"அப்படிச் சொல்லலாம்னு..."

"அழுக்குன்னா ஊதினாப் போயிருமுங்கண்ணா. ஊதுங்க."

மருதாசலம் பொத்திய கையை மெல்ல விரித்தார்.

"ஊதுங்க."

அவர் மூடியை வாயில் வைத்து ஊதினார்.

போகவில்லை. மறுபடி ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சு முழுவதும் திரும்பி அவருடைய முகத்திலேயே அடித்தது. கண்ணில் நீர் முட்டியது. அந்தச் சரிவுக்கு அடியில் ஆறுச்சாமி எவ்வளவு நேரம் கத்தினார் என்று இதுவரை அவர் யாரிடமும் கேட்டதில்லை.

பாவாயி போதும் என்று சொல்லவில்லை. மருதாசலம் ஊதிக்கொண்டே இருந்தார்.

கருப்பண்ணன் எழுந்து மேட்டிலிருந்து இறங்கி வந்தான். எதிரே வந்து நின்றான்.

"பாத்தாச்சுங்களா? வண்டிங்களா, ஆளுங்களா?"

மருதாசலம் மூடியை வாயிலிருந்து எடுத்தார்.

"ஆளுதான்."

மேலே அங்கமுத்துவின் முகம் செத்துப்போனது. கருப்பண்ணன் அவன் பக்கம் திரும்பினான்.

மருதாசலம் கருப்பண்ணனின் கையைப் பிடித்து இழுத்து, மூடியை அதில் வைத்து அழுத்தினார்.

"அவனில்லப்பா," என்றார். "நான்."