ஒடிக்கக் கூடாத தோட்டம்

முன்னொரு காலத்தில், நம்மில் ஒருத்தரும் பிறக்காத காலத்தில், முள்ளூர் என்று ஓர் ஊர். அங்கே முள்ளைத் தவிர எதுவும் முளைக்காது. செங்கமலமும் அவள் மகள் வஞ்சியும் அங்கே வெளியூர் நெல்லைக் குத்திப் பிழைத்தார்கள். வருஷம் முழுக்கக் குத்து. ஒரே ஒரு நாள்தான் ஓய்வு.

அன்றைக்கு வீட்டிலேயே படுத்துத் தூங்கலாம் என்றாள் வஞ்சி. நியாயமான யோசனைதான். ஆனால் செங்கமலம் புளிச்சோறு கட்டிவிட்டாள். சோறு கட்டியாச்சு என்றால் அப்புறம் பேச்சே கிடையாது, கிளம்பித்தான் ஆகணும்.

போனது பச்சைமுடியான் என்ற மந்திரவாதியின் தோட்டத்துக்கு. உலகத்துச் செடி கொடியெல்லாம் அங்கே உண்டு. வாசலிலேயே நின்றான் அவன். தலையில் முடிக்குப் பதில் அருகம்புல். வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே பாட்டு:

"பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், ஒடிக்கக் கூடாது."

முதலில் பாடும் மூங்கில். பாடியது, சுமாராகத்தான் பாடியது. வஞ்சி போகலாம் என்றாள். "வந்ததுதான் வந்தோம், அதையும் பார்த்துடுவோம்" என்று அம்மா தாமரைக்குளத்துக்கு இழுத்தாள். அங்கேயும் போகலாம் என்றாள் வஞ்சி. "வந்ததுதான் வந்தோம், அதையும் பார்த்துடுவோம்." மூன்றாவதாக, பகலிலேயே மினுங்கும் நட்சத்திரப்பூச் செடி. வஞ்சிக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது.

செங்கமலம் அக்கம்பக்கம் பார்த்தாள். நம்ம ஆட்களுக்குச் செடியைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஒரு துண்டு ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, மடியில் செருகிவிடுவார்கள். கேட்டால், திருடி நட்டால்தான் நல்லா வேர் பிடிக்கும் என்பார்கள்.

டக்.

செங்கமலம் நின்ற இடத்தில் செங்கமலம் இல்லை. சோற்று மூட்டை மட்டும் கிடந்தது.

பச்சைமுடியான் மெதுவாக நடந்து வந்தான். தினமும் இதே தொல்லை, சொன்னால் எவன் கேட்கிறான் என்று அலுத்துக்கொண்டான். இந்தத் தோட்டத்தில் பாதி, இப்படி ஒடித்தவர்கள்தானாம். அவளும் இங்கே எங்கேயோ செடியாகவோ மரமாகவோ நிற்கிறாள். மூன்று தடவை காட்டலாம். கதவு சாத்துவதற்குள் சரியாகக் காட்டினால் அம்மா கிடைப்பாள். மூன்றும் தப்பானால் வஞ்சியும் இங்கேயே ஒரு செடி.

வஞ்சி நடந்தாள், நடந்தாள், இன்னும் நடந்தாள். இருப்பதிலேயே அழகான செண்பகத்தைக் காட்டினாள். அது ஒரு தளபதியின் மாமியார் என்றான் அவன். அம்மா திட்டுவதை நினைத்து, ஒரு கள்ளிச் செடியைக் காட்டினாள். அது ஒரு வாத்தியார்.

மிச்சம் ஒரு தடவை. சாயங்காலம் ஆகிவிட்டது. அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. பிறகு அழுகை வந்தது. பிறகு அதற்கும் தெம்பில்லை. கண்ட இடத்தில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. மேற்கு வெயில் நேரே முகத்தில் அடித்தது. நகர்ந்து உட்காரவும் முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் முகம் குளிர்ந்தது.

கண்ணைத் திறந்தாள். வெயில் அப்படியேதான் இருந்தது, அவள்மேல் மட்டும் இல்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு கோணல் மரம். பூ இல்லை, காய் இல்லை, பாதி இலைகூட இல்லை. வஞ்சி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள்.

"இதுதான் எங்கம்மா."

நல்லா யோசித்தாயா, இதுதான் கடைசி என்றான் பச்சைமுடியான்.

"எல்லா மர நிழலும் கிழக்கே விழுது. இது மட்டும் மேற்கே, என் மூஞ்சியில விழுது. வேற யாரு இந்த வேலையைப் பார்ப்பா?"

மரம் இருமியது. செங்கமலமாக நின்றது. ஒருத்தரை அடையாளம் கண்டாலே மொத்த மாயமும் கலையும் என்பதுதான் அங்கே விதி. இதுவரை யாரும் கண்டதில்லை, அவ்வளவுதான். தளபதியின் மாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வாத்தியார் கொட்டாவி விட்டார். பச்சைமுடியான் தலையில் அருகம்புல் உதிர்ந்து நரைமுடி வந்தது. இத்தனை காலமும் தோட்டத்தைவிட்டு நகர முடியாமல் அந்த மாயம் அவனையும் கட்டிப்போட்டிருந்ததாம். அப்படியே தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான். வஞ்சி புளிச்சோற்றில் பாதியை அவனுக்குக் கொடுத்தாள்.

சாப்பிட்டுவிட்டு, தன் கையாலேயே நட்சத்திரப்பூச் செடியில் ஒரு துண்டு ஒடித்துக் கொடுத்தான். அந்தப் பக்கம் பேசும் ஆலமரம் ஒன்று உண்டு, பார்த்தீர்களா என்றும் கேட்டு வைத்தான்.

செங்கமலம் நிமிர்ந்தாள். "வந்ததுதான் வந்தோம்..." என்று ஆரம்பித்தாள். மகளின் காலைப் பார்த்தாள்.

"அது எங்கே போயிடப் போகுது. வாடி, வீட்டுக்குப் போகலாம்."

திருடாத துண்டுதான். ஆனாலும் முள்ளூர் மண்ணில் வேர் பிடித்தது. அடுத்த ஓய்வு நாளில் அம்மாவும் மகளும் எங்கேயும் போகவில்லை. அதன் பக்கத்திலேயே பாய் விரித்துத் தூங்கினார்கள். அவர்கள் தூங்கியாச்சு, கதையும் படுத்தாச்சு. நீங்களும் காலை நீட்டுங்க.