காலர் மெஷின் முன்னால் குவிந்தது

மூன்று பெண்கள், ஒரு சூப்பர்வைசர் நாற்காலி. அது யாருக்கு என்று கடைசியில் கேட்பேன். நடுவில் தூங்கிவிட்டு என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே டி-சர்ட்டைக் கட்டுக் கட்டாகத் தைப்பார்கள். காலர் வைப்பவள் ஒரு கட்டு முழுவதற்கும் காலர் வைத்து முடித்துவிட்டு, சட்டைக் கை தைப்பவளிடம் தள்ளுவாள். முதலாளியின் மகன் கதிர்வேல் இதை மாற்ற நினைத்தான். இனிமேல் கட்டு கிடையாது. ஒரு பீஸ் முடிந்ததும் அடுத்தவள் கைக்குப் போக வேண்டும். "இதை யார் நடத்திக் காட்டறாங்களோ அவங்கதான் புது யூனிட்டுக்கு சூப்பர்வைசர்" என்றான். முதல் வாய்ப்பை அங்கே தைத்துக்கொண்டிருந்த சுகந்திக்குக் கொடுத்தான்.

அங்கேதான் காலர் வைக்கும் மரகதத்துக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. அவளும் சுகந்தியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தையலில் மரகதம்தான் வேகம். பேச்சில் சுகந்தி. "வாய் இருக்கறவளுக்கு நாற்காலி, கை இருக்கறவளுக்கு ஊசி" என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் காதிலும் விழும்படி மரகதம் சொன்னாள். சுகந்தி சோற்றைப் பிசைந்துகொண்டே, "கை இருக்குதுன்னா தைங்க அம்மிணி, வாய் எதுக்கு?" என்றாள்.

சுகந்தி மெஷின்களை வரிசையாக மாற்றிப் போட்டாள். காலருக்குப் பாப்பாத்தி அக்காவை மட்டும் வைத்தாள். மரகதத்தைக் கை தைக்க அனுப்பினாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மத்தியானத்துக்குள் மறுபடியும் கட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாளும் அதே கதை. திட்டினாள், கெஞ்சினாள், டீ வாங்கிக் கொடுத்தாள். டீயைக் குடித்துவிட்டுக் கட்டுக் கட்டினார்கள்.

காரணம் மரகதத்துக்கு முதல் நாளே தெரியும். பாப்பாத்திக்குக் கை மெதுவு. பழைய முறையில் பக்கத்து மெஷினில் இருந்த மரகதம், அவளுடைய பீஸ்களில் கொஞ்சம் உருவித் தன் கட்டோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிடுவாள். ஒருவருக்கும் தெரியாது. புது வரிசையில் பாப்பாத்தியின் முன்னால் பீஸ் மலையாகக் குவிந்து ஊருக்கே தெரிந்தது. பார்த்தவர்களுக்குப் பயம்: இன்றைக்கு இவள், நாளைக்கு நாம். கட்டாகக் கட்டினால் யார் மெதுவு என்று தெரியாது. மரகதம் வாயைத் திறக்கவில்லை. சுகந்தி தோற்கட்டும் என்று காத்திருந்தாள்.

கதிர்வேல் பார்க்க வந்த அன்று மரகதத்தால் அடக்க முடியவில்லை. "வரிசை போடத் தெரியாதவகிட்டக் குடுத்தா இப்படித்தானுங்க. காலருக்கு ரெண்டு பேர் வேணும். ஒத்த ஆளை உக்கார வெச்சு மானத்தை வாங்கறா" என்றாள். சுகந்தியைக் கவிழ்க்கத்தான் சொன்னாள்.

பாப்பாத்தி எழுந்தாள். "ஆமாங்க தம்பி, எனக்குக் கை மெதுவுதான். இத்தனை நாளா மரகதந்தான் காப்பாத்துச்சு. எனக்குப் பக்கத்துல ஆள் வேணும்." அவள் உட்காருவதற்குள் பட்டன் வைக்கும் பெண் "எனக்கும்ங்க" என்றாள். இன்னொருத்தியும் வாய் திறந்தாள்.

சுகந்தியின் முகம் கறுத்துப்போனது. வேறு யார் சொல்லியிருந்தாலும் உடனே கேட்டிருப்பாள். மரகதம் சொல்லி அவள் கேட்பதா? கையிலிருந்த கத்தரியைத் திறந்து மூடிக்கொண்டே நின்றாள். பிறகு போய் மரகதத்தின் மெஷினை ஒரு முனையில் பிடித்து இழுத்தாள். மறுமுனையைப் பிடிக்க மரகதமே வர வேண்டியிருந்தது. இருவரும் அதைப் பாப்பாத்திக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். "தப்பு என்னுதுங்க. வழி சொன்னது அவ" என்று கதிர்வேலிடம் சொன்னாள் சுகந்தி, மரகதத்தைப் பார்க்காமலேயே.

அதற்குப் பிறகு அங்கே யாரும் கட்டுக் கட்டவில்லை.

வழி சொன்னவள் மரகதம். பயத்தை உடைத்தவள் பாப்பாத்தி. மெஷினை நகர்த்தியவள் சுகந்தி. சொல்லுங்கள், நாற்காலி யாருக்குப் போக வேண்டும்?

விடை: சுகந்திக்கு. பாப்பாத்தி தைரியமாகத்தான் பேசினாள். ஆனால் தன் இடத்தைச் சரிசெய்யக் கேட்டாள், வரிசையைச் சரிசெய்யும் பொறுப்பை அவள் ஏற்கவில்லை. மரகதத்துக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும், தான் காப்பாற்றி வந்தவளே குவியலுக்குப் பின்னால் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவளை நம்பி நாலு பேரை விட முடியாது. சுகந்தியை மகா நல்லவள் என்று சொல்ல வரவில்லை. அவளுக்கும் அதே எரிச்சல்தான். எரிந்துகொண்டேதான் மெஷினை இழுத்தாள். இழுத்தாள் அல்லவா, அது போதும்.