அப்பளம் வராத நாள்

"மேடம், மலை ஆஸ்பத்திரியில நம்ம புரோகிராம் தொறக்கவே மாட்டேங்குதாம்," என்றார் ஞானசேகர்.

பொற்கொடி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏனுங்க சார்?"

"படம் வரையற பேக்கேஜ் அங்க இல்ல. அதை இறக்கற அளவுக்கு நெட்டும் இல்ல. நான் என்ன பண்ண முடியும்?"

கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, நாற்பதைத் தாண்டிக் கோயம்புத்தூருக்கு வந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர் ஞானசேகர். கற்றுக்கொடுத்த பொற்கொடி அவரைவிட நன்றாகவே இளையவர். வாத்தியாருக்கே வாத்தியார் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். ஞானசேகருக்கு அதில் பெருமைதான். பொற்கொடி எழுதிய புரோகிராம் எங்கே போனாலும் ஓடும்.

இது ஞானசேகர் தனியாக எழுதிய முதல் புரோகிராம். குழந்தையின் எடையைத் தட்டினால், காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி என்று சொல்லும். கேட்டால், குழந்தை வளர்ந்த விதத்தைப் படமாகவும் வரையும். அந்தப் படத்துக்கு மட்டும்தான் பேக்கேஜ் என்ற துணைப் புரோகிராம் வேண்டும். ஞானசேகர் அதை முதல் வரியிலேயே அழைத்திருந்தார்; அது கிடைக்காவிட்டால் மொத்தப் புரோகிராமும் அங்கேயே நின்றுவிடும்.

உடனே சரியாகாவிட்டால் பழையபடி கையாலேயே கணக்குப் போட்டுக்கொள்வதாக மலை ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்டெல்லா சொல்லிவிட்டார். அப்படிக் கையால் போட்டதில்தான் முன்பு ஒரு குழந்தைக்கு மருந்து கூடிப்போனது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டது.

பொற்கொடி எழுந்தார். "சாப்பிடலாம் வாங்க சார்."

மெஸ்ஸிலிருந்து கேரியர் வந்திருந்தது. பரிமாறுவது அன்று பொற்கொடியின் முறை. அடுக்குகளைத் திறந்து பார்த்தார். சாம்பார் மணம் தூக்கியது. மறுபடி மூடிக் கொக்கியை மாட்டிவிட்டார்.

"இன்னைக்குச் சாப்பாடு இல்லீங்க."

"ஏன் மேடம்?"

"அப்பளம் வரலீங்க."

ஞானசேகர் கேரியரையே பார்த்தார். பசி ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். அப்படியே தன் மேஜைக்கு ஓடினார்.

முதல் வரியில் இருந்த அழைப்பைத் தூக்கி, படம் வரையும் இடத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். பேக்கேஜ் கிடைக்காவிட்டால் பேசாமல் தாண்டிப் போய்விடு என்றும் எழுதினார். சின்னக் கோப்புதான், அந்த நெட்டிலும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் ஸ்டெல்லா கூப்பிட்டார்.

"மருந்துக் கணக்கு வந்துச்சுங்க சார். ஆனா படத்துக்குப் பட்டனை அழுத்தி அழுத்தி விரலே நோகுது, ஒண்ணும் ஆகல. கம்ப்யூட்டரே கெட்டுப்போச்சோன்னு அணைச்சு வெச்சுட்டேன். இப்பக் கையாலதான் போடறேன்."

ஞானசேகர் பொற்கொடியிடம் ஓடிப்போய்ச் சொன்னார்.

பொற்கொடி அன்றைய கேரியரைத் திறந்தார். சோறு போட்டு, சாம்பார் ஊற்றித் தட்டை நகர்த்தினார்.

"அப்பளம், மேடம்?"

பதில் இல்லை.

"மேடம், அப்பளம் வந்துச்சா?"

பொற்கொடி தன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஞானசேகர் கையைத் தட்டில் வைத்தபடி காத்திருந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"இருக்கா இல்லையான்னு வாயைத் தொறந்து சொன்னா, நான்பாட்டுக்குச் சாப்பிடுவேன்ல!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. வாயைப் பிளந்தபடி பொற்கொடியைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லையே இந்த மனுஷி! இப்படி ஒருவரிடம் கற்றுக்கொள்ளக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கையைக் கழுவிக்கொண்டு ஓடினார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க சார்!" என்று பொற்கொடியின் குரல் பின்னாலேயே வந்தது.

சாயங்காலம் போன் அடித்தது. ஞானசேகர் பயந்துகொண்டேதான் எடுத்தார்.

"சார், அந்தப் பட்டனை அழுத்தினேனுங்க," என்றார் ஸ்டெல்லா. "படத்துக்கு இன்னொரு பேக்கேஜ் வேணுமாம், இதுல அது இல்லையாம், நெட் கெடச்சா எப்படிப் போட்டுக்கறதுன்னும் எழுதியிருக்கு. மருந்துக் கணக்குக்கு அது தேவையில்லையாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க சார்? மருந்து குடுத்தாச்சு. குழந்தை தூங்குது."