அறைக்கு ஒரு குறை

அந்தச் சிறையில் சூப்பிரண்டு துரைசிங்கம் வைத்ததுதான் சட்டம். குறை என்று வாயைத் திறந்த கைதி எவனானாலும் 'தொல்லைக்காரன்' என்று முத்திரை குத்தித் தனிக்கொட்டடியில் தள்ளிவிடுவார்.

மாவட்ட நீதிபதி பார்வையிட வரும் நாளில், சோறு வடிக்கும் கைதி ஒச்சப்பனைக் கூப்பிட்டார்.

"பரிமாறுறவன் நீ. ஜட்ஜ் உன்னைத்தான் கேப்பார். குறை சொன்னா தனிக்கொட்டடி. பொய் சொல்லி மாட்டுனாலும் தனிக்கொட்டடி."

"சரிங்கய்யா" என்றான் ஒச்சப்பன்.

நீதிபதி வந்தார். சாம்பாரை ஒரு கரண்டி ருசி பார்த்து முகம் சுளித்தார். யாருக்காவது குறை உண்டா என்று கேட்டார். தட்டோடு உட்கார்ந்திருந்த இருநூறு பேரும் மூச்சு விடவில்லை. சூப்பிரண்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

"நீ சொல்லுப்பா" என்றார் நீதிபதி, கரண்டியோடு நின்ற ஒச்சப்பனிடம்.

"குறை சொல்றவங்க ஒருத்தர்கூட இந்தப் பக்கம் இல்லீங்கய்யா."

சூப்பிரண்டு தலையாட்டினார்.

"அவங்கள்லாம் தனிக்கொட்டடியில இருக்காங்க. நான்தான் சோறு கொண்டுபோறேன். புழு கிடக்குன்னவர் முதல் அறை, டாக்டர் வரலைன்னவர் ரெண்டாவது அறை. அறைக்கு ஒரு குறையா சூப்பிரண்டு அய்யாவே பிரிச்சு வச்சிருக்காங்க. நீங்க வரிசையா எழுதிக்கிட்டே போகலாம்."

நீதிபதி பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, சாவிக்காகச் சூப்பிரண்டிடம் கை நீட்டினார்.