மாதாவின் மாலையில் ஒரு பர்தாவ்

தேர்த் திருவிழாவுக்கு முந்தின நாள் மாதாவின் காசுமாலை அறுந்துவிட்டது. கடலோரக் கன்னியர் மடத்தில் மதர் அனுன்சியா காசுகளைப் புது நூலில் கோத்துக்கொண்டிருந்தார். எதிரே தெக்லா, இடுப்பில் கைப்பிள்ளையோடு. மடத்துக்கு ஜெபம் படிக்க வரும் பெண்களில் மதருக்கு நெருக்கமானவள் தான்தான் என்று நேற்றுவரை நினைத்திருந்தாள்.

மாதாவுக்கு மாலை சாத்துகிறவளின் பிள்ளையை அந்த வருஷம் நோய் அண்டாது என்பது ஊர் நம்பிக்கை. தெக்லாவின் பிள்ளை நோஞ்சான். மதரோ இந்த முறையும் மாலை சாத்த, ஜெபத்துக்கு வரும் இன்னொருத்தியான லெனோராவின் பெயரைச் சொல்லிவிட்டார்.

"அவ பிள்ளை கொழுகொழுன்னுதான இருக்கு, மதர். இன்னும் எதுக்கு?"

"அவளும் வந்து அழுதா. தெக்லாவை மட்டும் பக்கத்துல வச்சுப் பேசுறீங்களேன்னு."

"அழுவா. அவளுக்கு எல்லாம் வேணும்."

மதர் ஒரு சின்னப் பொன்காசை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இது பேர் தெரியுமா?"

"பர்தாவ். பறங்கிக் காசு."

"பறங்கி வர்றதுக்கு முன்னாடியே இருந்த காசு. ஒரு ராஜா தன் பொன்னுல பிரதாபம்னு அடிச்சான். தன் பெருமை ஊரெல்லாம் போகட்டும்னு. பக்கத்து ராஜாவுக்குத் தூக்கம் போச்சு. அவனும் அதையே அடிச்சான். பறங்கி கப்பல்ல வந்தான். அவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். வாய்க்கு வந்தபடி பர்தாவ்னான், மிளகு வாங்கினான்."

"இது எந்த ராஜாவோடது?"

"தேய்ஞ்சுபோச்சே."

"ராஜா தேய்ஞ்சா தேயட்டும். எனக்கு என் பிள்ளை வேணும்."

லெனோராவின் கை படுமுன் தன் பிள்ளையின் கை படட்டும் என்று, காசை வெடுக்கென எடுத்து அவன் கைக்குள் திணித்தாள்.

"நாளைக்கு அவ சாத்தட்டும். முதல்ல தொட்டது இவன்."

சொல்லி வாய் மூடவில்லை, பிள்ளையின் கை வாய்க்குப் போயிற்று. தெக்லா அவனை அப்படியே குப்புறச் சாய்த்து விரலை உள்ளே விட்டாள். காசு எச்சிலோடு தெறித்து எங்கோ உருண்டது. யாரும் அதைத் தேடவில்லை. பிள்ளை வீறிட்டான்.

தெக்லா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"ஒரு நொடி நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தா, மதர்?"

"நீதான் திரும்பவே இல்லையே, தெக்லா."